தப்புப் பலகையின் மேல் வரி

ஸ்கேல் சார் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கத்தியிருக்கிறார். அதுவும் போன வாரம், ஒரு பிளம்பரைப் பார்த்து. கத்தியே ஆகவேண்டிய நேரம் ஒன்று முப்பது வருடத்துக்கு முன்னால் வந்தது. அன்றைக்கு வாயைத் திறக்க முடியாமல் போயிற்று. அந்த இடத்துக்கு வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். வயது அறுபத்தெட்டு. ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் குறுகலான படியில் ஏறிப் போனால் அவருடைய அறை. சாய்வான வரைபலகை, இரும்பு அலமாரி, இரண்டு ஸ்டூல், ஒரு மேஜை விளக்கு, அவ்வளவுதான். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுத் தருகிறார். சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல ஸ்கேல் ஒன்று எட்டிப் பார்க்கும். கோணல் என்றால் மனிதருக்கு ஆகவே ஆகாது. துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட, சுவரில் சாய்ந்திருந்த காலண்டரை நேராக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். "அழ வந்தீங்களா, அளக்க வந்தீங்களா?" என்று வெளியே வந்ததும் அவர் மனைவி பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

இது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். சுண்ணாம்புக் கயிறு அடித்து அதன்மேல் எழுத்தை உட்கார வைத்தால், ஒரு எழுத்துகூடக் கோட்டை விட்டு இறங்காது. மகன் பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். ஓட்டப் பரீட்சையில் கடைசி. துப்பாக்கி சுடுவதில் அதைவிடக் கடைசி. "இவனை வச்சு என்ன செய்யறது?" என்று அதிகாரிகள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, அவன் நிரப்பிய விண்ணப்பத்தைப் பார்த்த ஒருவர், அச்சடித்தது போல எழுதியிருக்கிறானே என்று வரைபடப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவர் போர் செய்தது முழுக்க பென்சிலாலும் ரப்பராலும்தான்.

சரி, பிளம்பருக்கு வருவோம். அறைச் சுவரில் குழாய் கசிந்தது. கட்டடச் சொந்தக்காரர் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்தான். மேற்பார்வை பார்க்கிறேன் என்று அவரும் ஏறி வந்துவிட்டார். முந்தின நாள் டிவியில் ஏதோ போர்ப்படம் பார்த்திருப்பார் போல, ஒரு நல்ல தளபதிக்கு என்ன வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார்.

"குரல் வேணும்ப்பா. ஒரு அதட்டுப் போட்டா ஆயிரம் பேர் அசையாம நிக்கணும். அப்புறம் மீசை. மீசை இல்லாத தளபதியை எவன் மதிப்பான்?"

ஸ்டூல் மேல் நின்றிருந்த பிளம்பர் விடவில்லை. "அதெல்லாம் சும்மா சார். பயம்னா என்னன்னே தெரியக் கூடாது. அதான் முக்கியம். ஸ்கேல் சார், நீங்க பட்டாளத்துல இருந்தீங்களே, நீங்க சொல்லுங்க."

"எங்க கர்னலுக்கு வருஷம் பூரா ஜலதோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கேல் சார் கோடு போடுவதைத் தொடர்ந்தார்.

பிளம்பர் சிரித்துக்கொண்டே திரும்பினார். கண் முன்னால் சுவரில் ஒரு சின்னக் கண்ணாடிச் சட்டம். உள்ளே பழுத்துப்போன டிரேசிங் தாள், அதில் பென்சிலால் இரண்டு வரிகள். கீழ் வரி கயிறு பிடித்தது போல நேராக இருந்தது. மேல் வரி நெருக்கியடித்துக்கொண்டு கோணல்மாணலாக மேலே ஏறிப் போயிற்று. இவ்வளவு சுத்தமான மனிதர் அறையில் இது மட்டும் சாய்ந்திருக்கிறதே என்று நினைத்து, பாவம், நல்ல மனதோடுதான் கையை நீட்டி, மேல் வரி நேராகும்படி சட்டத்தைத் திருப்பினார்.

"தொடாதய்யா!"

பிளம்பர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது. ஜெராக்ஸ்காரர் இரண்டு எட்டு பின்னால் போனார். ஆனால் எல்லாரையும்விட அதிகமாகப் பயந்துபோனவர் ஸ்கேல் சார்தான். தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டார், டீ வரவழைத்தார், பிறகு அந்தக் கதையைச் சொன்னார். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தளபதி என்றதும் மீசையைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எல்லையில் சண்டை. ஸ்கேல் சாருக்கு முப்பத்தெட்டு வயது. ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்கள் படையின் அலுவலகம் நடந்தது. நான்காம் வகுப்பு அறைதான் கட்டளை அறை. பெரிய பெரிய அதிகாரிகள் குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள்.

கர்னல் உயரத்தில் ஐந்தடியைக் கொஞ்சம்தான் தாண்டியவர். மீசையும் கிடையாது. எப்போது பார்த்தாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையில் ஒரு கைக்குட்டையோடு திரிவார். பேசினால் மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்காது. அவர் வந்த புதிதில் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் 'ஜலதோஷம்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். அவருக்கு அடுத்த அதிகாரியான மேஜர் இருக்கிறாரே, அவர்தான் ஜெராக்ஸ்காரர் கேட்ட தளபதி. ஆறடி, முறுக்கு மீசை, இரண்டு தெரு தாண்டிக் கேட்கும் குரல். வீரத்துக்கும் குறைச்சல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கர்னல் வந்த முதல் நாளே அந்த அறையின் கரும்பலகையைத் தானே துடைத்துவிட்டு ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். தினம் மாலை ஐந்து மணிக்கு, அன்றைக்குச் செய்த தப்பை அவரவர் அதில் எழுத வேண்டும். முதல் வரி எப்போதும் அவருடையது. "அஞ்சு மணிக்குள்ள எழுதின தப்புக்குத் தண்டனை கிடையாது. மறைச்சு வச்சு அப்புறம் தெரிஞ்சா, என்கிட்ட இரக்கம் எதிர்பார்க்காதீங்க" என்றார். கடைநிலைச் சிப்பாயைக்கூட அவர் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார்.

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஒரு கர்னல் சாக்பீஸை எடுத்து, "கிழக்குக் காவலுக்கு ஆள் மாற்ற மறந்தேன். இரண்டு பேர் ஆறு மணி நேரம் கூடுதலாக நின்றார்கள்" என்று எல்லார் முன்னாலும் எழுதுவதை யார் பார்த்திருக்கிறார்கள்? இன்னொரு நாள், "சமையல்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்." அதை எழுதிய கையோடு சமையலறைக்குப் போய் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது என்று சிப்பாய்கள் கேலி பேசிக்கொண்டார்கள். மேஜர் மட்டும் ஒரு நாள் வீம்பாக, "இன்று என்னிடம் தவறு எதுவும் இல்லை" என்று எழுதினார். கர்னல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார், மூக்கைத் துடைத்தார், அதற்குப் பக்கத்தில் "இதுதான்" என்று எழுதினார். மேஜரே சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பலகைக்குத் 'தப்புப் பலகை' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கர்னல் வந்த பதினான்கு மாதத்தில் அதில் ஒரு வரிகூட எழுதாதவர் ஒருவர் உண்டென்றால் அது நம் ஸ்கேல் சார்தான்.

"உங்க கையெழுத்து நல்லா இருக்குமே, பலகையில பார்த்ததே இல்லையே?" என்று கர்னல் ஒரு நாள் கேட்டார். "தப்பு இருந்தாத்தானே சார் எழுத" என்றார் இவர். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்! கர்னல் தும்மிவிட்டுப் போய்விட்டார்.

அந்த நாளும் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் நம் ஆட்கள் நாற்பது பேர் மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை மீட்க நூற்றுப்பத்துப் பேர் கொண்ட கம்பெனி ஒன்று போக வேண்டும். அந்த ஆற்றில் இறங்கி நடக்க ஒரே ஒரு துறைதான் உண்டு. மற்ற இடமெல்லாம் ஆளை இழுத்துக்கொண்டு போகிற ஆழம். மாலை ஆறு மணிக்கு, வெளிச்சம் மங்கும்போது, சத்தமே இல்லாமல் கடக்க வேண்டும். வயர்லெஸ்ஸை வாயில் வைக்கக் கூடாது, முன்கூட்டி ஆள் அனுப்பி ஆழம் பார்க்கவும் கூடாது. எதிரிக்கு மூக்கில் வியர்த்துவிடும். எல்லாம் வரைபடத்தை நம்பித்தான். அந்த வரைபடத்தை வரைந்தவர் ஸ்கேல் சார். போகவிருந்த அந்தக் கம்பெனியில் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, இருந்தான். கம்பெனியிலேயே நெட்டையன் அவன்தான்.

துறை இருந்த இடம் இரண்டு வரைபடத் தாள்கள் சேருகிற ஓரத்தில் வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், பக்கத்துப் பக்கத்துத் தாள்கள் அச்சு அசலாகப் பொருந்தாது. தாள் ஈரத்தில் ஊறும், வெயிலில் சுருங்கும், அச்சில் மயிரிழை நகரும். ஒரு தாளில் வருகிற கோடு அடுத்த தாளில் கொஞ்சம் தள்ளி ஆரம்பிக்கும். வரைகிறவர் பென்சிலை மெல்ல வளைத்து இரண்டையும் இணைத்துவிடுவார். ஸ்கேல் சாரும் அப்படித்தான் செய்தார். ஆற்றின் கோடு நான்கு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. இவ்வளவு சுருங்குமா தாள் என்று ஒரு நொடி யோசித்தவர், கோணலாக நின்ற அந்த ஆற்றைப் பார்க்கச் சகிக்காமல், அழகாக வளைத்துச் சேர்த்தார். ஆற்றோடு சேர்ந்து துறையும் நகர்ந்தது.

"ரெண்டு தாளும் பொருந்துச்சா?" என்று கையெழுத்துப் போடும்போது கர்னல் கேட்டார்.

"கச்சிதமா பொருந்துச்சு சார்."

பகலில் கம்பெனி கிளம்பிப் போயிற்று. நாலரை மணிக்கு, பழைய தாள்கள் இரண்டையும் அலமாரியில் அடுக்கப்போனபோது, மூலையில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்த வருடம் ஸ்கேல் சார் கண்ணில் பட்டது. ஒரு தாள் புதிது. இன்னொன்றை அளந்தது அதற்கு இருபத்திரண்டு வருடம் முன்னால். சுருங்கியது தாள் இல்லை, இருபத்திரண்டு வருடத்தில் ஆறே இடம் மாறியிருக்கிறது. புதுத் தாளில் சரியாக இருந்த துறையை இவர் பழைய ஆற்றுக்கு இழுத்து வைத்திருக்கிறார். காகிதத்தில் நான்கு மில்லிமீட்டர், தரையில் இருநூறு மீட்டர்.

சொன்னால் இத்தனை வருடப் பெயர் போச்சு, ஒருவேளை வேலையும் போச்சு. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆற்றில் வெள்ளம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். இதை ஸ்கேல் சார் மறைக்காமல் சொன்னார்: சுமார் ஒரு நிமிடம் அந்த அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியும் யோசித்தாராம்.

பிறகு கட்டளை அறைக்கு ஓடினார். மணி இன்னும் ஐந்து ஆகவில்லை. நேரே பலகைக்குப் போய், வெறுமையாக இருந்த பலகையின் உச்சியில், வழக்கமான அச்சு எழுத்தில் எழுதினார்: "துறை இடம் தவறு. தாள் பொருந்தவில்லை. பொருந்தியதாகச் சொன்னேன்."

மேஜர்தான் முதலில் வெடித்தார். "நூத்திப்பத்து பேரை ஆத்துல தள்ளிட்டு வந்து சாக்பீஸ்ல எழுதறியா? சார், இவனை இப்பவே உள்ள தள்ளணும். மச்சான் அந்தக் கம்பெனியில இருக்கான், அதான் ஓடி வந்திருக்கான். இல்லாட்டி வாயைத் திறந்திருப்பானா?"

கர்னல் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "அங்க போயிருக்கற எல்லாருமே யாருக்காவது மச்சான்தான், மேஜர்" என்றார். அதே மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்காத குரலில். பிறகு ஸ்கேல் சார் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு தூரம்?"

"இருநூறு மீட்டர் சார்."

"மேலயா, கீழயா?"

"கீழ சார். ஆறு அகலமா ஓடற இடம்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

அவ்வளவுதான் கேட்டார். ஏன் செய்தீர்கள், எப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நூற்றுப்பத்து உயிர் தொங்கிக்கொண்டிருக்கும்போது, கோபப்படுவதற்கு முழு உரிமையும் இருக்கும்போது, அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைத்தாரோ! இதைச் சொல்லும்போது ஸ்கேல் சார் கண் கலங்கிவிட்டது. கர்னல் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"என் ஜீப்பை எடுத்துட்டுப் போங்க. இதைக் கேப்டன்கிட்ட குடுங்க."

"நானா சார்? தப்புப் பண்ணினவனே நான்தானே..."

"இப்ப இந்தக் கட்டடத்துல அந்த ஆறு எங்க இருக்குன்னு சரியாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். கிளம்புங்க."

ஆளைக் கொல்லப் பார்த்த அதே கையை நம்பி, இந்த மனிதர் அத்தனை உயிரையும் கொடுக்கிறார்! ஜீப்பில் ஏறியதும், "சார், உங்க மேப்பைப் பார்த்து ஓட்டினா நேரா ஆத்துக்குள்ளதான் போவோம், நான் ரோட்டைப் பார்த்தே ஓட்டறேன்" என்றார் டிரைவர். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்ததாம்.

மரங்கள் முடிகிற இடத்தில் ஜீப் நின்றுவிட்டது. அதற்கு மேல் போனால் சத்தம் கேட்கும். மிச்சம் ஒன்றரைக் கிலோமீட்டர். ஓட்டப் பரீட்சையில் கடைசியாக வந்தவர், தொப்பை வேறு, ஓடினார். கரைக்கு நூறடி தூரத்தில் வந்தபோது பார்க்கிறார், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முதல் ஆளாகத் தண்ணீரில் கால் வைக்கிறான் நெட்டையன். அவருடைய மச்சான். தொண்டை வரைக்கும் சத்தம் வந்துவிட்டது. கத்தினால் அக்கரையில் எதிரிக்குக் கேட்கும், நாற்பது பேர் கதை முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். துண்டுத் தாளைக் கேப்டன் கையில் திணிக்கவும், நெட்டையன் தலை தண்ணீருக்குள் போகவும் சரியாக இருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த நான்கு பேரோடு ஐந்தாவதாக இவரும் பாய்ந்து பிடித்து இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது.

ஆள் வந்தான், ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல். மூச்சு வந்ததும், "அத்தான்... நீங்க எங்க இங்க?" என்று முணுமுணுத்தான். இன்றைக்கும் குடும்பம் கூடினால், "என் இன்னொரு பூட்ஸ் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா அத்தான்? கொஞ்சம் மேப் பார்த்துச் சொல்லுங்க" என்று அவன் ஆரம்பித்துவிடுவான்.

கேப்டன் தாளைப் படித்தார். "இவர் சொல்வதைக் கேளுங்கள். நான் சொன்னதாக" என்றிருந்தது. இருநூறு மீட்டர் கீழே போனார்கள். தண்ணீர் தொடைவரைதான். போன நூற்றுப்பத்துப் பேரும் அக்கரையில் தவித்த நாற்பது பேரும் விடிவதற்குள் இக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஸ்கேல் சார் கரையில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

காலையில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது, இனி நடக்கப்போவதற்குத் தயாராகத்தான் வந்தார். கட்டளை அறையில் மேஜர் தனியாகப் பலகைமுன் நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் பலகையைக் காட்டினார்.

இவர் எழுதியது உச்சியில் அப்படியே இருந்தது. அதற்கும் மேலே, பலகையின் சட்டத்துக்கும் இவருடைய வரிக்கும் நடுவே இருந்த விரற்கடை இடத்தில், இன்னொரு வரி நசுங்கி வளைந்து ஏறிப் போயிற்று.

"பொருந்தியதா என்று கேட்டேன். நானே எடுத்துப் பார்க்கவில்லை."

"அஞ்சு மணிக்கு எழுதினாரு" என்றார் மேஜர். அவர் மெதுவாகப் பேசி ஸ்கேல் சார் கேட்டது அதுதான் முதல் தடவை. "உங்க ஜீப் ஆத்துக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையான்னுகூட அப்பத் தெரியாது. முதல் வரி என்னோடதுதானேன்னாரு. இடம் இல்லையே சார், அவன் வரியை அழிச்சிட்டு எழுதுங்கன்னு சொன்னேன். 'அவர் பயந்து நடுங்கிக்கிட்டு எழுதினது அது, அதை அழிக்க எனக்கு உரிமை இல்ல'ன்னு சொல்லிட்டாரு. கை எட்டல. பெஞ்சு மேல ஏறி, நுனிக்கால்ல நின்னு எழுதினாரு. கை நடுங்கிச்சு. அவருக்கும் பயம்தான், நான் பார்த்தேன்."

எட்டு மணிக்குப் பலகையைத் துடைத்துவிடுவார்கள். ஸ்கேல் சார் தன் மேஜைக்கு ஓடி ஒரு டிரேசிங் தாளை எடுத்துவந்தார். பெஞ்சு மேல் ஏறி, துணி சுற்றிய கையால் தாளைப் பலகைமேல் வைத்து அழுத்தி, பென்சிலால் நகல் எடுத்தார். தன் வரியை எடுப்பது சுலபமாக இருந்தது. மேல் வரிக்கு வந்ததும் கை தன் பழக்கத்தில் அதை நேராக்கப் போயிற்று. பென்சிலை நிறுத்தினார். ஒரு மூச்சு விட்டு, கோணலை ஒரு மயிரிழைகூட மாற்றாமல், அது இருந்தபடியே வரைந்து முடித்தார்.

டீ ஆறிப்போயிருந்தது. பிளம்பர் மறுபடி ஸ்டூலில் ஏறி, தான் திருப்பிவிட்ட சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, பழையபடி மேல் வரி கோணலாகத் தெரியும்படி வைத்தார்.

"இப்படித்தானே சார் இருந்துச்சு?"

ஸ்கேல் சார் எழுந்து வந்து, பையிலிருந்த ஸ்கேலைத் தொடாமல், கண்ணாலேயே பார்த்தார்.

"ஆமா. அப்படியே இருக்கட்டும்."